கழட்டாதீங்கய்யா... முதல்ல அளந்து பாருங்க!

கார்ல சார்ஜ் ஏறலைன்னா நம்ம ஊர்ல நடக்குற வைத்தியத்துக்கு ஒரு வரிசை இருக்கு. முதல்ல பேட்டரியை மாத்து. சரி வரலையா, டைனமோவைக் கழட்டி ரீவைண்டிங்குக்குக் கொடு. அப்பவும் சரி வரலையா, கட்அவுட்டை மாத்து. அதுவும் இல்லைன்னா கடைசியா ஒரு வசனம்: "பழைய வண்டிண்ணே, அப்படித்தான் இருக்கும். வந்த விலைக்குத் தள்ளி விட்ருங்க." இந்த நாலு படியில ஒண்ணுலயாவது யாராவது மீட்டரைக் கையில எடுப்பாங்களா? மாட்டாங்க. எடுத்தா ஏதோ குலதெய்வத்துக்கு ஆகாதுங்கிற மாதிரி.

இதைத்தான் நான் எதிர்க்கிறேன். சந்தேகப்பட்ட பொருளை எல்லாம் வரிசையா மாத்திக்கிட்டே போறதுக்குப் பேர் ரிப்பேர் இல்லை, லாட்டரி. அதுவும் அடுத்தவன் காசுல வாங்குற லாட்டரி. விழுந்தா "பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்ல" என்பார்கள். விழலைன்னா அடுத்த சீட்டு.

"உனக்கு என்னடா தெரியும், நீ பொட்டி தட்டுறவன்" என்று ஆரம்பிக்கப் போகும் அண்ணன்மாருக்கு: ஆமாம், பொட்டி தட்டுறவன்தான். அதனாலதான் எரியுது. தப்பு எங்கேன்னு தெரியாம கோடைத் திருத்தக் கூடாதுன்னு சொல்லிச் சொல்லியே சம்பளம் வாங்குற தொழில் நம்மது. (செய்யறோமா என்பது வேற கதை, அதுக்கும் வர்றேன்.)

சரி, மேட்டருக்கு வருவோம்.

குடுமியான்மலையில எங்க மாமாகிட்ட ஒரு அம்பாசடர் இருக்கு. மார்க் 3, 1977ஆம் வருஷத்து வண்டி. அம்பாசடர்னா தெரியும்ல? இங்கிலாந்து மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூணாவது வரிசை வண்டியோட உடன்பிறப்பு. மேற்கு வங்காளத்துல உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் கடைசியில செய்ய ஆரம்பிச்சு, 2014 மே மாசம் உற்பத்தியை நிறுத்துனாங்க. மாமா அதை ஷோவுக்காக வைக்கலை. புதுக்கோட்டைக்கும் திருச்சிக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக, சொந்தக்காரங்க கல்யாணத்துல பொண்ணு மாப்பிள்ளையை உக்கார வெக்க, வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை வெளிய எடுக்குற வண்டி.

ஒரு நாள் காலையில செல்ஃப் எடுக்கலை. பேட்டரி டவுன். அதுக்கப்புறம் ரெண்டு மாசம் நடந்ததை அப்படியே வரிசையா சொல்றேன். கடை பேரெல்லாம் வேணாம், யார் பொழப்புலயும் மண்ணள்ளிப் போடுறது நோக்கம் இல்லை.

முதல் கடை: "பேட்டரி செத்துருச்சுண்ணே." பழசை எக்ஸ்சேஞ்சுல எடுத்துக்கிட்டு புதுசு மாட்டுனாங்க. ஐயாயிரத்துச் சொச்சம். ஒரு வாரத்துல அதுவும் டவுன்.

ரெண்டாவது கடை: "டைனமோ சார்ஜ் பண்ணலைண்ணே." கழட்டி ரீவைண்டிங். பத்தாம் நாள் ஓடிக்கிட்டு இருக்கும்போதே கருகுற வாசனை. திறந்து பார்த்தா புதுசா சுத்துன ஃபீல்டு காயில் கரிக்கட்டை. "டூப்ளிகேட் கம்பிண்ணே, கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று மறுபடியும் சுத்தினார்கள். மறுபடியும் பணம்.

மூணாவது கடை: "கட்அவுட் போயிருச்சுண்ணே." புதுசு மாட்டுனாங்க. பழைய போல்ட்டு, பழைய ஒயரு, எல்லாம் அதே இடத்துல. பெட்டி மட்டும் புதுசு.

நாலாவது கடை: "டைனமோவே வேஸ்ட்டுண்ணே. தூக்கிப் போட்டுட்டு மாருதி ஆல்டர்னேட்டர் ஒண்ணு மாட்டிருவோம்."

இதுக்கு நடுவுல ஒரு சின்ன விஷயம். டேஷ்போர்டுல சாவி போட்டதும் எரியும் பாருங்க, அந்தச் சிவப்பு இக்னிஷன் லைட்டு, அதோட பல்பு மூணு தடவை ஃபியூஸ் போச்சு. பத்து இருபது ரூபா சமாச்சாரம்தானே, மாட்டிக்கிட்டே இருந்தாங்க. மூணாவது தடவை ஒரு புண்ணியவான், "இது எதுக்குண்ணே, சும்மா கண்ணை உறுத்திக்கிட்டு" என்று பல்பையே எடுத்துட்டு அனுப்பிட்டார்.

மொத்தச் செலவு பதினெட்டாயிரம் பக்கம். செலவு போகட்டும். ஒரு ராத்திரி மாமா அத்தையை ஏத்திக்கிட்டு திருச்சியிலேருந்து திரும்பும்போது, அன்னவாசல் பக்கத்துல ஹெட்லைட் மஞ்சளாகி, செம்பழுப்பாகி, அப்புறம் சுத்தமா இல்லாமப் போச்சு. எதிர்ல மணல் லாரி. பார்ட்டு மாத்துற விளையாட்டுல யாரோட உசுரு பணயம்னு இதுக்கு மேல நான் சொல்ல வேண்டாம்.

இப்ப நீங்களே சொல்லுங்க. நாலு கடையில ஒருத்தராவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி எது? "ஏன்யா இந்தப் பல்பு மட்டும் அடிக்கடி ஃபியூஸ் போகுது?" அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விக்குள்ள மொத்த விடையும் இருந்துச்சு.

எப்படின்னு பார்ப்போம். கொஞ்சம் டெக்னிக்கலா போகும், ஆனா பயப்படாதீங்க, பத்தாங்கிளாஸ் இயற்பியல் போதும்.

பழைய அம்பாசடர்ல இருக்குறது டைனமோ, அதாவது நேர்மின்சாரம் கொடுக்குற ஜெனரேட்டர். லூகாஸ் கம்பெனி டிசைன். நம்ம ஊர்ல லூகாஸ் டிவிஎஸ் 1961ல சென்னை பாடியில ஆரம்பிச்சது இந்த மாதிரி சாமான்களைச் செய்யத்தான். டைனமோவுல ரெண்டு முனை: டி, எஃப். டி பெரிய முனை, அதுலதான் கரண்ட் வெளிய வரும். எஃப் சின்ன முனை, அது வழியா ஃபீல்டு காயிலுக்குக் கரண்ட் போகும். ஃபீல்டுக்கு எவ்வளவு கரண்ட் போகுதோ அவ்வளவு காந்தம். காந்தம் கூடினா வோல்ட்டேஜும் கூடும்.

இந்த ரெண்டு ஒயரும் போய்ச் சேர்ற இடம்தான் நம்மாளுங்க "கட்அவுட்" என்று ஒரே பேர்ல கூப்பிடும் பெட்டி. உண்மையில அதுக்குள்ள ரெண்டு பேர் குடித்தனம் பண்றாங்க. ஒருத்தர் கட்அவுட், இன்னொருத்தர் ரெகுலேட்டர்.

கட்அவுட் ஒரு வாட்ச்மேன். டைனமோ வோல்ட்டேஜ் பேட்டரியைவிடக் கொஞ்சம் ஏறினதும், சுமார் 13 வோல்ட் பக்கம், கதவைத் திறந்து கரண்ட்டைப் பேட்டரிக்கு விடுவார். இன்ஜின் நின்னதும் கதவைச் சாத்துவார். இல்லைன்னா பேட்டரி கரண்ட் திரும்ப டைனமோவுக்குள்ள ஓடி வீணாப் போயிடும்.

ரெகுலேட்டர் ஒரு கணக்குப்பிள்ளை. வோல்ட்டேஜ் அளவுக்கு மேல போனா ஃபீல்டு கரண்ட்டைக் குறைப்பார், குறைஞ்சா கூட்டுவார். ஒரு செகண்டுக்குப் பல தடவை டிக் டிக்னு தொட்டு விட்டுத் தொட்டு விட்டு இதைச் செய்வார்.

ரெண்டு பேருக்கும் வேலை செய்யக் காயில் இருக்கு. அந்தக் காயிலோட ஒரு முனை டைனமோ பக்கம், மறுமுனை எர்த். பெட்டியில இ என்று போட்டிருக்கும் முனையிலிருந்து ஒரு ஒயர் வண்டி பாடியில போய் முடியும். அந்த எர்த் இல்லைன்னா? காயில்ல கரண்ட் ஓடாது. வாட்ச்மேன் தூங்கிட்டார், கதவு திறக்காது, பேட்டரிக்குச் சொட்டு சார்ஜ் ஏறாது. கணக்குப்பிள்ளையும் தூங்கிட்டார், அதனால ஃபீல்டு கரண்ட்டைக் குறைக்க ஆளே இல்லை. டைனமோ தன்பாட்டுக்கு வோல்ட்டேஜை ஏத்திக்கிட்டே போகும். ஸ்பீடு ஏற ஏற இருபது, முப்பதுன்னு போகும். ஃபீல்டு காயில் சூடாகிக் கருகும்.

ஞாபகம் வருதா? பத்தாம் நாள் கரிக்கட்டை. டூப்ளிகேட் கம்பி மேல பழியைப் போட்டாங்களே, அது.

இப்ப அந்தச் சிவப்பு பல்பு. அதோட ஒரு பக்கம் இக்னிஷன் சுவிட்ச் வழியா பேட்டரி, இன்னொரு பக்கம் டைனமோவோட டி முனை. ரெண்டு பக்கமும் வோல்ட்டேஜ் வித்தியாசம் இருந்தாத்தான் பல்பு எரியும். சாவி போட்டு இன்ஜின் ஓடாதப்ப பேட்டரி பக்கம் 12, டைனமோ பக்கம் பூஜ்யம், அதனால எரியும். இன்ஜின் ஓடி டைனமோ பேட்டரிக்குச் சமமா வந்ததும் வித்தியாசம் இல்லை, அணையும். "லைட்டு எரிஞ்சா சார்ஜ் இல்லை, அணைஞ்சா சார்ஜ் இருக்கு" என்று நமக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். ஆனா அந்தப் பல்பு அதுக்கு மேல நிறையப் பேசும். கேக்கத்தான் ஆள் இல்லை.

ஆக்சிலேட்டர் கொடுத்தாலும் கொடுக்காட்டியும் ஒரே மாதிரி எரிஞ்சா டைனமோ உற்பத்தியே பண்ணலைன்னு அர்த்தம். பெல்ட்டு, கார்பன் பிரஷ், எஃப் ஒயர்னு பார்க்கணும்.

சாவி போட்டும் எரியலைன்னா பல்பு போயிருக்கலாம். இல்லைன்னா கட்அவுட் பாயிண்ட் ஒட்டிக்கிட்டு ரெண்டு பக்கமும் பேட்டரி வோல்ட்டேஜ் நிக்குதுன்னு அர்த்தம். இது ஆபத்து. ராத்திரியோட ராத்திரியா பேட்டரி காலி, டைனமோவும் சூடாகும்.

ஐடில்ல மினுக்கி, கொஞ்சம் ரேஸ் பண்ணதும் அணைஞ்சா அது நோயே இல்லை. டைனமோவுக்கு ஐடில் ஸ்பீடு பத்தாது, அதோட சுபாவம் அது. இதை நோய்ன்னு நினைச்சு டைனமோவைக் கழட்டினவங்க எத்தனை பேரோ!

லேசா அணைஞ்சு, ரேஸ் பண்ணப் பண்ணத் திரும்பப் பிரகாசமா எரிஞ்சா? டைனமோ பக்கம் வோல்ட்டேஜ் பேட்டரியைத் தாண்டிப் போய்க்கிட்டு இருக்கு, ஆனா கதவு திறக்கலை. டைனமோ நல்லா இருக்கு, தப்பு அதுக்கு அப்புறம் இருக்கு. தாங்கலைன்னா பல்பு ஃபியூஸ் போகும். மூணு தடவை ஃபியூஸ் போகும்!

மாமா வண்டியில நான் முதல்ல செஞ்சது புது பல்பு ஒண்ணு மாட்டினதுதான். சாவி போட்டதும் எரிஞ்சது. ஸ்டார்ட் பண்ணி மெதுவா ரேஸ் கொடுத்ததும் அணைஞ்சது. இன்னும் கொஞ்சம் கொடுத்தா திரும்ப எரிய ஆரம்பிச்சது, முன்னைவிடப் பளிச்சுன்னு. உடனே இன்ஜினை நிறுத்தியாச்சு. ஒரு ஸ்பானர்கூட இன்னும் தொடலை, ஆனா டைனமோ குற்றவாளி இல்லைன்னு தீர்ப்பு வந்துருச்சு.

அடுத்து மீட்டர். சில நூறு ரூபாய்க்கு எந்த எலக்ட்ரிக் கடையிலயும் கிடைக்கிற டிஜிட்டல் மல்டிமீட்டர்தான். ஒரு முனை பேட்டரியோட எர்த் கம்பத்துல, இன்னொரு முனை கட்அவுட் பெட்டியோட இ முனையில. ரெண்டுமே எர்த், அதனால இன்ஜின் ஓடினாலும் பூஜ்யத்துக்குப் பக்கத்துல, மிஞ்சிப் போனா பாயிண்ட் ஒண்ணு, பாயிண்ட் ரெண்டுதான் காட்டணும். மீட்டர் 14, 15, 16ன்னு ஏறுது! எர்த்துன்னு பேர் வெச்சுக்கிட்டு அந்தரத்துல தொங்குது. ஒயரைப் பிடிச்சு லேசா அசைச்சேன், பூஜ்யம். டிக்னு ஒரு சத்தம், வாட்ச்மேன் எந்திரிச்சுட்டார். பல்பு அணைஞ்சது. பேட்டரியில 13.8 வோல்ட். கையை எடுத்தா பழையபடி 16.

ஒயர் பாடியில முடியுற லக்குக்குக் கீழ துரு, அதுக்கு மேல யாரோ அடிச்ச பெயிண்ட். லக்குக்குள்ள ஒயர் பிரிகள் பாதிக்கு மேல அறுந்து கிடந்துச்சு. ரோடு அதிர்வைப் பொறுத்து ஒட்டும், விடும். அதனாலதான் ஒவ்வொரு கடையிலிருந்தும் வெளிய வரும்போது "சரியாயிடுச்சு" மாதிரி இருந்தது. எமரி பேப்பர் வெச்சுத் தேய்ச்சு, புது லக் போட்டு, இறுக்கி மாட்டுனது பதினஞ்சு நிமிஷ வேலை. செலவைச் சொன்னா சிரிப்பீங்க, ஒரு டீ வடைக் கணக்குக்குள்ள அடங்கும்.

இது என் சாமர்த்தியம்னு சொல்ல வரலை. டைனமோவுக்கான சோதனைகளை லூகாஸ்காரன் பல பத்து வருஷத்துக்கு முன்னாடியே கையேட்டுல வரிசையாப் போட்டுட்டான். பெல்ட்டைப் பார். பேட்டரி முனைகளைப் பார். அப்புறம் டைனமோவுல டி, எஃப் ஒயர் ரெண்டையும் கழட்டிட்டு, அந்த ரெண்டு முனையையும் ஒரு துண்டுக் கம்பியால சேர்த்து, அதுக்கும் பாடிக்கும் நடுவுல மீட்டரை வெச்சு, இன்ஜினை ஐடில்லருந்து மெதுவா ஏத்து. வோல்ட்டேஜ் சட்டுன்னு, ஆடாம அசையாம ஏறினா டைனமோ நல்லா இருக்கு. 20 வோல்ட்டுக்கு மேல போக விடாதே. அரை வோல்ட், ஒரு வோல்ட்டோட நின்னா ஃபீல்டுல சந்தேகம். பாதி வோல்ட்டேஜோட நின்னா ஆர்மேச்சர்ல சந்தேகம். ஒண்ணுமே இல்லைன்னா முதல்ல பிரஷ்ஷைப் பார். டைனமோவை வண்டியிலிருந்து இறக்காமலே அஞ்சு நிமிஷத்துல முடிகிற சோதனை. ரெண்டாவது கடையில இதைச் செஞ்சிருந்தா ரெண்டு தடவை ரீவைண்டிங் நடந்திருக்காது.

இந்த இடத்துல நம்ம பொறியியல் கல்லூரிகளையும் ரெண்டு வார்த்தை திட்டாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. எலெக்ட்ரிக்கல் மெஷின்ஸ் லேப் ஞாபகம் இருக்கா? டி.சி. ஷன்ட் ஜெனரேட்டர். வைவாவுல எல்லாருக்கும் வர்ற கேள்வி: "ஷன்ட் ஜெனரேட்டர் ஏன் வோல்ட்டேஜ் பில்ட் அப் ஆகலை?" கிளிப்பிள்ளை மாதிரி நாலு காரணம் ஒப்பிப்போம். எச்சக் காந்தம் இல்லை. ஃபீல்டு தலைகீழா மாட்டியிருக்கு. ஃபீல்டு ரெசிஸ்டன்ஸ் கிரிட்டிக்கல் அளவுக்கு மேல போயிருச்சு. வேகம் பத்தலை.

அம்பாசடர் டைனமோ அதே ஷன்ட் ஜெனரேட்டர்தான் சாமி! எச்சக் காந்தம் இல்லைன்னா, ரொம்ப நாள் சும்மா கிடந்த டைனமோ. எஃப் ஒயரைக் கழட்டிட்டு அந்த முனையில பேட்டரி கரண்ட்டை ஒரு நொடி தொட்டு உசுப்பி விடணும். தலைகீழ்னா, ஃபீல்டு காயிலோட ரெண்டு முனையையும் மாத்தி மாட்டினது. ரெசிஸ்டன்ஸ் கூடிருச்சுன்னா, அழுக்குப் பிடிச்ச கார்பன் பிரஷ், தீய்ஞ்ச ரெகுலேட்டர் பாயிண்ட், லூஸான எஃப் ஒயர். வேகம் பத்தலைன்னா, தொங்கிப் போன ஃபேன் பெல்ட். நாலு வரி வைவா பதிலும் பானெட்டுக்குள்ள அப்படியே இருக்கு. நமக்குப் பாடம் தெரியும், வண்டி தெரியாது. கடைக்காரருக்கு வண்டி தெரியும், பாடம் தெரியாது. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் இளக்காரமா பார்த்துக்கிட்டே காலத்தை ஓட்டுறோம்.

இனி வழக்கமா வரும் சப்பைக்கட்டுகள்.

"அனுபவஸ்தனுக்கு மீட்டர் எதுக்கு? கண்ணால பார்த்தே சொல்லுவான்." சொல்லட்டும், சந்தோஷம். ஆனா அந்த அனுபவம் எப்படிச் சோதிக்குது தெரியுமா? இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழட்டிப் பார்க்குறது. வண்டி நிக்கலைன்னா சார்ஜ் ஏறுதாம்! பேட்டரிதான் வோல்ட்டேஜ் துள்ளாம தாங்கிப் பிடிக்குது. அதை எடுத்துட்டா டைனமோ வண்டியில பல்புகள் போகும், ஆல்டர்னேட்டர் வண்டியில டயோடு போகும், இப்ப வர்ற கார்ல ஆயிரக்கணக்குல விலை உள்ள கம்ப்யூட்டரே போகும். போதாக்குறைக்கு, சார்ஜ் ஏறுற பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், பக்கத்துல தீப்பொறி. இதுக்குப் பேர் சோதனை இல்லை, தற்கொலை முயற்சி.

"டைனமோவே வேணாம், ஆல்டர்னேட்டர் மாட்டினா தொல்லை விட்டுச்சு." ஆல்டர்னேட்டர் நல்ல சாமான், மறுக்கலை. ஐடில்லயே சார்ஜ் கொடுக்கும், அதிகக் கரண்ட் கொடுக்கும். ராத்திரி அதிகம் ஓட்டுறவங்க, ஏ.சி. வெச்சவங்க தாராளமா மாத்திக்கலாம். ஆனா அது ஒரு முன்னேற்றம், நோயறிதல் இல்லை. எர்த் கெட்ட வண்டியில புது ஆல்டர்னேட்டர் மாட்டினா அதே துரு புது விருந்தாளிக்கும் விருந்து வைக்கும். அதோட பழைய மெல்லிசு ஒயர்ல பெரிய கரண்ட்டை ஓட்டினா என்ன ஆகும்னு தனியா ஒரு பதிவே போடலாம்.

"நேரம் யாருக்குப்பா இருக்கு? மாத்தினோமா, கிளம்பினோமான்னு இருக்கணும்." ரெண்டு மாசம், நாலு கடை, அஞ்சு நடை. இதுதான் நேரம் மிச்சமா?

ஆனா கடைக்காரங்களை மட்டும் திட்டிட்டுப் போனா அது யோக்கியமான சண்டை இல்லை. உண்மையான வில்லன் நாமதான், அதாவது காசு கொடுக்குற ஜனங்க. புதுக்கோட்டையில ஒரு வயசான ஆட்டோ எலெக்ட்ரீஷியன் இருக்கார். டெஸ்ட் லைட்டை வெச்சே முக்கால்வாசி வியாதியைச் சொல்லிடுவார். நான் கண்டுபிடிச்சது சரிதானான்னு அவர்கிட்ட ஒரு தடவை காட்டினோம். அரைமணி நேரம் குனிஞ்சு நிமிந்து எல்லா எர்த்தையும் இழுத்துப் பார்த்துட்டு, பாயிண்டைச் சுத்தம் பண்ணி, 150 ரூபா கேட்டார். மாமா என்ன சொன்னார் தெரியுமா? "ஒண்ணுமே மாத்தலையே, பார்த்ததுக்கா நூத்தம்பது?"

பதினெட்டாயிரத்தை முணுமுணுக்காம கொடுத்த அதே மாமா!

அட்டைப்பெட்டியில வந்தா காசு கொடுப்போம், மூளையில வந்தா பேரம் பேசுவோம். பார்ட்டு மாத்தினா கடைக்காரருக்குக் கமிஷன், கண்டுபிடிச்சா "ஒண்ணுமே பண்ணலையே" என்கிற பட்டம். இப்படி இருந்தா எந்த மடையன் மீட்டரை எடுப்பான்? பார்ட்டு மாத்துற மெக்கானிக்கை உருவாக்குனது நம்ம பாக்கெட்டுதான். டாக்டர்கிட்ட கன்சல்டிங் ஃபீஸ் வாயைப் பொத்திக்கிட்டு கொடுக்குறோம்ல? அதே மாதிரி "கண்டுபிடிக்கக் கூலி" என்று தனியாக் கேளுங்கய்யா, நாங்க கொடுக்கிறோம் என்று நாமே ஆரம்பிச்சாத்தான் இது மாறும்.

நம்ம ஜாதிக்கும் வர்றேன்னு சொன்னேன்ல. ஆபீஸ்ல ஆணி புடுங்கும்போது என்ன செய்யறோம்? சர்வர் மெதுவா இருக்கா, ரீஸ்டார்ட் பண்ணு. மறுபடியும் மெதுவா, மெமரியைக் கூட்டு. அப்பவும் சரியில்லை, மொத்தமா வேற டெக்னாலஜியில திரும்ப எழுதலாம்னு மீட்டிங் போடு. லாக் ஃபைல்ல ஒரே வரி பத்தாயிரம் தடவை கத்திக்கிட்டு இருக்கும். அதைத் தொந்தரவா இருக்குன்னு ஆஃப் பண்ணி வெச்சிருப்பாங்க. சிவப்பு பல்பைப் பிடுங்கின புண்ணியவானுக்கும் இவங்களுக்கும் என்ன வித்தியாசம்? அவர் கையில கிரீஸ், இவங்க கழுத்துல அடையாள அட்டை.

கடைசியா ஒண்ணு. குடுமியான்மலைன்னாலே தெரிஞ்சவங்களுக்கு ஞாபகம் வர்றது இசைக் கல்வெட்டு. சிகாநாதசுவாமி கோயிலை ஒட்டின பாறையில, கிரந்த எழுத்துல, சுரங்களை நாலு நாலா அடுக்கி, ஏழு பகுதியா வெட்டி வெச்சிருக்காங்க. ஏழாம் நூற்றாண்டு என்பார்கள். வெட்டச் சொன்னது மகேந்திரவர்மனா இல்லையான்னு அறிஞர்கள் சண்டை போடட்டும். எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. ருத்ராசாரியார் என்பவரோட சீடரான ஒரு ராஜா மாணவர்களோட நன்மைக்காகச் செஞ்சதுன்னு அதுலயே எழுதியிருக்கு. தனக்குத் தெரிஞ்சதைத் தலைக்குள்ள பூட்டி வெச்சுக்காம, பின்னாடி வர்றவன் வரிசையாப் பழகட்டும்னு கல்லுல வெட்டின ஊர் அது.

அந்தப் பாறையிலிருந்து கூப்பிடு தூரத்துல நிக்கிற வண்டிக்கு, எந்த முனையில எத்தனை வோல்ட் இருக்கணும்னு தமிழ்ல எழுதின ஒரு பக்கம் கிடைக்கலை. கையேடு இங்கிலீஷ்ல. பெரியவர்களுக்குத் தெரிஞ்சது அவங்க விரல்ல. அவங்க போனா விரலோட போயிடும். நாம பதிவு எழுதறவங்க என்ன பண்றோம்? சினிமா விமர்சனம், அரசியல் கும்மி, அப்புறம் இன்னொரு பதிவரைப் பத்தி மூணு பாகம். எழுதுங்க, வேணாங்கலை. நடுவுல ஒண்ணே ஒண்ணு, உங்க கைக்குத் தெரிஞ்ச ஒரு மெஷினைப் பத்தி, மோட்டாரோ மிக்ஸியோ தையல் மெஷினோ, "முதல்ல இதை அள, இவ்வளவு இருந்தா இது, இல்லைன்னா அது" என்று வரிசையா ஒரு பதிவு போடுங்க. எவனோ ஒருத்தன் ராத்திரி நேரத்துல ரோட்டோரம் நின்னுக்கிட்டுத் தேடும்போது அது கிடைக்கட்டும்.

பி.கு: மேல சொன்ன சோதனையைச் செய்யப் போறவங்க முதல்ல உங்க வண்டி பாசிட்டிவ் எர்த்தா நெகட்டிவ் எர்த்தான்னு பார்த்துட்டுச் செய்யுங்க. டி, எஃப் முனைகளைச் சேர்க்குற வேலை டைனமோவுக்கு மட்டும்தான், ஆல்டர்னேட்டர்ல கை வெச்சிராதீங்க. ஃபேன் பக்கம் குனியும்போது வேட்டி, துண்டு, துப்பட்டா பத்திரம். ஒயரைக் கழட்டுறதுக்கு முன்னாடி எது எங்கே இருந்துச்சுன்னு ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. "ஞாபகம் இருக்கும்" என்று சொன்னவன் எவனுக்கும் இருந்ததில்லை :-)